கணினி திறக்கவில்லையா? முதலில் அமானிதத்தைக் காப்போம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், கணினிப் பயிற்சிப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவி பற்றியும் மருத்துவ உதவி பற்றியும் பேசுவோம். இன்று கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம் பயிற்சிக் கூடத்துக்குப் பழுதான கணினியோடு வருகிறவர்களில் யாரும் "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று வருத்தப்படுவதில்லை. "மகளின் நிக்காஹ் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது", "மவுத்தான வாப்பாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது", "கடையின் பற்று வரவு முழுவதும் அதில் இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். பெட்டியைப் புதிதாக வாங்கலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே இன்று இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். கணினி திறக்காதபோது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பது ஒன்று. அப்படியொரு நாள் வருவதற்கு முன்பே என்ன செய்து வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

திறப்பதற்குள் என்ன நடக்கிறது?

பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. முதலில், மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறிய மென்பொருள் விழிக்கிறது. புதிய கணினிகளில் இதை யுஇஎஃப்ஐ என்பார்கள். அது மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பிறகு, தனக்குச் சொல்லி வைத்திருக்கும் வரிசைப்படி எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேடுகிறது. அந்த டிஸ்க்கில் பூட் லோடர் என்ற சிறு பகுதி இருக்கும். அதுதான் விண்டோஸைக் கைபிடித்து அழைத்து வருகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கணினி திறக்காது. டிஸ்க் கெட்டுப் போவது அவற்றில் ஒரே ஒரு காரணம்தான். ஆனால் நம் ஊர்களில் கணினி திறக்கவில்லை என்றதும் "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, ஃபார்மட் அடிக்கணும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சோதித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவதால்தான் பிழைத்திருக்க வேண்டிய பல குடும்பங்களின் தகவல்கள் அழிந்து போகின்றன.

2024 ஜூலை 19ஆம் தேதி நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டினால் உலகம் முழுவதும் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த லட்சக்கணக்கான கணினிகளில் டிஸ்க்குகளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. சேஃப் மோடில் நுழைந்து, கோளாறான அந்தக் கோப்பை நீக்கியதும் அவை திறந்தன. கணினி திறக்கவில்லை என்பதும் டிஸ்க் அழிந்துவிட்டது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

முதல் பத்து நிமிடம்

கணினி திறக்கவில்லை என்றால் பதற்றப்படாமல் வரிசையாகப் பாருங்கள். இதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் தாய்மார்களே பார்க்கலாம்.

முதலாவது, மின்சாரம் வருகிறதா? விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா? எதுவுமே இல்லையென்றால் அது பிளக், ஸ்டெபிலைசர், யுபிஎஸ், அடாப்டர், எஸ்எம்பிஎஸ் போன்றவற்றின் கோளாறாக இருக்கலாம். டிஸ்க்கின் பக்கம் போகவே வேண்டாம். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டாக இருக்கிறது என்றால் மானிட்டர் கேபிளையும் மெமரியையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, திரையில் எழுத்து வருகிறதா? "நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்", "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று ஏதாவது வரலாம். என்ன வந்தாலும் உங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வது போல, பழுது பார்ப்பவருக்கு அந்தப் படம் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, கணினியில் செருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பயாஸ் அந்தப் பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக் கொண்டு நின்றிருக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்காகச் செருகியதை எடுக்க மறந்ததால் நின்று போன கணினிகளும் எங்களிடம் வந்திருக்கின்றன.

நான்காவது, காதைக் கொடுத்துக் கேளுங்கள். இதுதான் மிக முக்கியம். "டிக்... டிக்... டிக்" என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோம்? 1956இல் ஐபிஎம் நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்தபோது, அதில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க் அதைப் போல லட்சம் மடங்கும் அதற்கு மேலும் தாங்குகிறது. ஆனால் உள்ளே இருக்கும் வேலைமுறை அதேதான். தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு ஹெட் படாமல் மிதந்து எழுதுகிறது, படிக்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை அல்லது 7200 முறை சுற்றும் தட்டுக்கும் அந்த ஹெட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி தலைமுடியின் பருமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. ஹெட் பழுதாகித் தட்டில் உரசத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு விநாடியும் தட்டின் மேற்பூச்சு சுரண்டப்படுகிறது. நிக்காஹ் படங்கள் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்கிற அந்த ஒரு தடவை, மீட்க முடிந்ததை மீட்க முடியாததாக ஆக்கிவிடும்.

எஸ்எஸ்டி என்கிற புதிய வகை டிஸ்க்கில் சுற்றுவது எதுவும் இல்லை, சத்தமும் வராது. கீழே விழுந்தால் தாங்கும். ஆனால் அது கெடும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒரே நாளில் நின்றுவிடுவதும் உண்டு. எஸ்எஸ்டி போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

பயாஸ் திரை என்ன சொல்கிறது?

சத்தம் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ஆன் செய்தவுடன் டெலிட் கீயையோ எஃப்2 கீயையோ தொடர்ந்து தட்டினால் பயாஸ் திரை வரும். சில கம்பெனிக் கணினிகளில் எஸ்கேப் அல்லது எஃப்10 கீயாக இருக்கும். அந்தத் திரையில் எதையும் மாற்றாதீர்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெயர் தெரியவில்லை என்றால் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் தொடர்பு இல்லை என்று பொருள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு சிபியு பெட்டியைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிட்டு மறுபடி அழுத்திச் செருக வேண்டும். ஒல்லியான டேட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும், மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் செருகிப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் கேபிள் முனைகளில் பாசி பிடிப்பது சாதாரணம். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைக்காகப் புதிய டிஸ்க் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் தெரிகிறது, ஆனாலும் விண்டோஸ் வரவில்லை என்றால் டிஸ்க் உயிரோடு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பூட் லோடர் கெட்டிருக்கலாம், விண்டோஸ் கோப்புகள் பழுதாகியிருக்கலாம், பயாஸில் வரிசை மாறியிருக்கலாம், டிஸ்க்கில் சில பகுதிகள் மட்டும் தேய்ந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் விஷயத்தைச் சொல்கிறோம். அவர்களுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். மொத்த வியாபாரம் செய்து வந்த ஒரு சகோதரர் திடீரென்று மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கு முழுவதும் கடையில் இருந்த கணினியில் டேலியில் இருந்தது. காகிதத்தில் ஒன்றும் இல்லை.

நம் மார்க்கத்தில் மய்யித்தின் சொத்திலிருந்து அடக்கச் செலவு போக, முதலில் கடனை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வசிய்யத். அதற்கும் பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு. கடன் எவ்வளவு என்றே தெரியவில்லையென்றால் அடுத்த எந்தக் காரியமும் நகராது. கல்லூரியில் படிக்கும் மகன் இரண்டு மாதம் கழித்துக் கடையைத் திறந்து கணினியை ஆன் செய்தபோது "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தது. ஒரு கடையில் காட்டினார்கள். டிஸ்க் போய்விட்டது, புதிது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம் என்று சொன்னார்கள். பிள்ளை ஒப்புக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக் கொண்டு நம்மிடம் வந்தார்.

திரையில் தேதியைப் பார்த்தோம். பல வருடம் பின்னால் காட்டியது. அதிலிருந்தே விஷயம் பிடிபட்டது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு சிறிய பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை அந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. கடை பூட்டியிருந்த இரண்டு மாதமும் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே வலுவிழந்திருந்த பேட்டரி முழுவதும் தீர்ந்தது. பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த விண்டோஸ் பழைய லெகசி முறையில் ஏற்றப்பட்டது. பயாஸோ யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் தேடியது. டிஸ்க் கண்ணெதிரே இருந்தும், தொடங்கும் வழி தெரியாமல் நின்றது.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, டேலி கணக்கு முழுவதையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்தோம். பிறகு பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த ஒரு அமைப்பைச் சரி செய்தோம். கணினி திறந்தது, அல்ஹம்துலில்லாஹ். பேட்டரியின் விலை சில பத்து ரூபாய். அந்தக் கணக்கை வைத்துத்தான் அந்தக் குடும்பம் கடன்காரர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசித் தீர்த்தது. பெரிய திறமை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. டிஸ்க்கை அழிப்பதற்கு முன்னால் நிதானமாக ஒருமுறை சோதித்ததுதான் நடந்தது.

முதலில் நகல், பிறகுதான் பழுது

இந்த உரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்: முதலில் நகல் எடுப்பது, பிறகுதான் பழுது பார்ப்பது. இந்த வரிசை மாறவே கூடாது.

நகல் எடுக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா கேபிளை யூஎஸ்பியாக மாற்றும் சிறு கருவி மூலம் நல்ல கணினியில் இணைப்பது ஒன்று. டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் தரும் அடாப்டரும் தேவை என்பதைக் கவனியுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் வைத்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, உள்ளே இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது இரண்டாவது வழி. அப்போது "ட்ரை உபுண்டு" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ஸ்டால் என்பதை அழுத்திவிடக் கூடாது.

பழுதான டிஸ்க்கை இணைத்ததும் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று விண்டோஸ் ஆங்கிலத்தில் கேட்கும். கேன்சல் என்பதை மட்டுமே அழுத்துங்கள்.

நகல் எடுக்கும்போது எது இல்லாமல் முடியாதோ அதை முதலில் எடுங்கள். சினிமாவும் பாட்டும் கிடக்கட்டும். கணக்கு, குடும்பப் படங்கள், குரல் பதிவுகள், பிள்ளைகளின் படிப்பு, இவற்றை முதலில் எடுங்கள். நடுவில் டிஸ்க் திணறினாலோ சத்தம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு பழுது பார்க்கலாம். விண்டோஸ் இரண்டு மூன்று முறை திறக்கத் தவறினால், தானாகவே ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரைக்குப் போகும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட் இரண்டையும் முயலலாம். ரீசெட் என்பதில் கை வைக்கும் முன் நன்றாகப் படியுங்கள். கோப்புகளை வைத்துக் கொள்வது ஒரு தேர்வு, எல்லாவற்றையும் அழிப்பது இன்னொரு தேர்வு. செக்டிஸ்க் என்ற கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. தேய்ந்து கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் முன் அதை ஓட்டுவது, நடக்க முடியாத நோயாளியை மலை ஏறச் சொல்வது போன்றது.

திறந்த பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'குட்' என்றால் நல்லது. 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், இன்று ஓடுகிறதே என்று விட்டுவைக்காமல் டிஸ்க்கை மாற்றுங்கள்.

செய்யவே கூடாதவையும் சில உண்டு. டிஸ்க்கின் மேல் மூடியை வீட்டிலோ கடையிலோ திறக்கக் கூடாது. ஒரு துளி தூசி போதும் உள்ளே நாசம் செய்ய. தட்டிப் பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். தட்டும் சத்தம் வரும் டிஸ்க்கைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு மையங்களில்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால் உள்ளே இருப்பது எவ்வளவு முக்கியம் என்று குடும்பத்தோடு மஷூரா செய்து முடிவெடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கணினிக்கும் இதே எச்சரிக்கை. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து எத்தனையோ பொருள்கள் போயின. நனைந்த கணினியை, காய்ந்துவிட்டது என்று நினைத்து ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய சேதம். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காமல், அப்படியே தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும்.

பூட்டுப் போட்ட டிஸ்க்

இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கிறது. கணினி திறக்காமல் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் இணைத்தால், 48 இலக்கங்கள் கொண்ட ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. பெரும்பாலும் அந்த எண் லேப்டாப்பை முதலில் தொடங்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகனாக இருக்கலாம். அவருடைய கணக்கில்தான் எண் இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அவரிடம் கேட்டு, காகிதத்தில் எழுதி, நகைப் பெட்டியில் வையுங்கள்.

வீட்டுப் படங்களும் கண்ணியமும்

நம் பெண்மக்கள் கூச்சத்தினால் வெளியில் பேசாத ஒரு விஷயம் உண்டு. பழுது பார்க்கக் கொடுக்கும் கணினியில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. அந்நியர் பார்க்கக் கூடாதவை இருக்கின்றன. அந்தப் பயத்தினாலேயே பழுதான லேப்டாப்பை அலமாரியில் வைத்து வருடக்கணக்கில் மூடிவிட்ட தாய்மார்களை நமக்குத் தெரியும்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. கீபோர்டு, திரை, சார்ஜர் சாக்கெட் போன்ற பழுதுகளுக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொண்டு கொடுக்கலாம். டிஸ்க்கிலேயே பழுது என்றால் வீட்டு ஆண் ஒருவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுக்காதீர்கள். புதிய டிஸ்க் போட்டால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தும் படங்களை எடுக்க முடியும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய கணினியை ஏழை மாணவருக்குக் கொடுக்க நினைப்பது நல்ல சதகா. ஆனால் சாதாரணமாக ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது உண்மையில் அழிவதில்லை. விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் அழித்து டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வு இருக்கிறது. அதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் தன் கணினியை உங்கள் மேஜையில் வைக்கும்போது தன் வீட்டுச் சாவியையே வைக்கிறார். அது அமானிதம். கேட்காமல் அழிக்காதீர்கள், தேவையில்லாமல் திறக்காதீர்கள், பார்த்ததை வெளியில் சொல்லாதீர்கள். டிஸ்க் நன்றாக இருக்கும்போது கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிது விற்பது ஹலாலான வருமானம் ஆகாது.

அந்த நாள் வருவதற்கு முன்பே

தவக்குல் என்பது முயற்சியை விடுவது இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. எழுதியது ஒரே இடத்தில் இருந்து அது அழிந்துவிட்டால், எழுதியதன் நோக்கம் நிறைவேறாது.

உலகம் முழுவதும் கணினித் துறையினர் கடைப்பிடிக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று நகல், இரண்டு வகைப் பொருள்கள், ஒன்று வேறு இடத்தில். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சகோதரியின் வீட்டிலோ இணையத்தில் கூகுள் டிரைவ் போன்றவற்றிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். மின்னல் தாக்கினாலோ வைரஸ் வந்தாலோ இரண்டும் சேர்ந்து போய்விடும்.

ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரில் மறுபடி எடுத்துக் கொள்ளலாம். படமும் குரலும் கணக்கும்தான் திரும்பக் கிடைக்காதவை. கடை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை கணக்கை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை கடன் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்துக் கையெழுத்திட்டு வீட்டில் கொடுத்து வையுங்கள். ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போதும் அது கைகொடுக்கும். நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் தலைமுறைகள் கடந்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. காகிதத்தைக் குறைவாக மதிக்க வேண்டாம்.

நகல் எடுத்தோம் என்பதோடு நின்றுவிடாமல், அது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

நம் அறக்கட்டளையிலும் விதவை உதவித்தொகைப் பட்டியல், கல்வி உதவி விண்ணப்பங்கள், நன்கொடைக் கணக்கு எல்லாம் இதே முறையில்தான் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டு வெளி டிஸ்க்குகளில் மாறி மாறி நகல் எடுக்கிறோம். ஒன்று எப்போதும் வேறு கட்டிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் பாஸ்வேர்டு உண்டு. உதவி பெறுகிறவர்களின் பெயர் தொலைந்தாலும் தவறு, வெளியில் தெரிந்தாலும் தவறு.

அலமாரியில் மூடி வைத்திருக்கும் பழைய கணினியோ லேப்டாப்போ இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் திறப்போம். பெண்கள் கொண்டு வரும் கணினிகளைப் பார்ப்பதற்குப் பயிற்சி பெற்ற சகோதரிகள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது எல்லாமே கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். உங்களைக் கேட்காமல் எதையும் அழிக்க மாட்டோம் என்ற வாக்கைக் கொடுக்கிறோம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொன்றையும் பொறுப்போடு காத்து, உரியவர்களிடம் சேர்க்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.